‘நோ’ என்றால் இல்லை என்று அர்த்தமில்லை: ஆங்கிலத்தினூடாக வீட்டுத் தன்னியக்கம் கற்பது

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டரை நிறுத்துவது அம்மாவின் வேலை. தாங்கி நிறைந்து, மேல் குழாயால் தண்ணீர் முற்றத்தில் கொட்டும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்துவார். சத்தம் கேட்காத நாட்களில் முற்றம் குளமாகிவிடும். இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்றுதான், ஊடகக் கற்கைகள் படித்துவிட்டுக் கட்டுரை எழுதிப் பிழைக்கிற நான், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளோடு ஒரு வார இறுதி வகுப்பில் போய் இருந்தேன். லைட், மின்விசிறி, மோட்டர் போன்றவற்றை ஒரு சிறிய கணினிப் பலகையும் சில உணரிகளும் கொண்டு தாமாக இயங்கச் செய்வதும், அதற்கான நிரல்களை எழுதுவதும் பாடம். படிப்பிப்பது தமிழில். ஆனால் திரையில் வருவதும் பலகையில் அச்சடித்திருப்பதும் பெட்டிக்குள் வரும் துண்டுத்தாளில் இருப்பதும் ஆங்கிலம்.

மூன்றாவது கிழமை ரிலே வந்தது. நீலநிறச் சதுரப் பெட்டி, பக்கத்தில் மூன்று திருகாணித் துளைகள். துளைகளுக்கு மேலே ‘கொம்’, ‘என்.ஓ.’, ‘என்.சி.’ என்று ஆங்கில எழுத்துகள். எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை வயரை என்.சி. துளையில் பூட்டினாள்.

“ஏன் பிள்ளை அதில பூட்டினனீங்கள்?” என்று வகுப்பெடுத்தவர் கேட்டார்.

“மற்றதில ‘நோ’ எண்டு போட்டிருக்கு சேர். அதில பூட்டக் கூடாதாக்கும் எண்டு நினைச்சன்.”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

என்.ஓ. என்பது ‘நோர்மலி ஓப்பன்’ என்பதன் சுருக்கம், என்.சி. ‘நோர்மலி குளோஸ்ட்’. ரிலே என்பது இன்னொரு மின்சாரத்தால் இயக்கப்படும் ஒரு சுவிட்ச். உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்குக் கரண்ட் போனால் அது காந்தமாகி ஓர் உலோக நாக்கை இழுக்கும். கரண்ட் நின்றால் நாக்கு பழைய இடத்துக்குத் திரும்பும். என்.ஓ. துளையில் பூட்டிய மோட்டர், சுருளுக்குக் கரண்ட் இல்லாதபோது நிற்கும். என்.சி. துளையில் பூட்டியது, சுருளுக்குக் கரண்ட் இல்லாதபோது ஓடும்.

கணினிப் பலகை பழுதாகினாலோ அதன் அடப்டர் கழன்றாலோ என்.சி.யில் பூட்டிய மோட்டர் ஓடத் தொடங்கி, யாராவது கவனிக்கும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும். கிணறு வற்றினால் மோட்டர் எரியும். மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போதும் இதே கதைதான்: பலகை விழித்து, வைஃபையோடு இணைந்து, நிரலை ஓட்டத் தொடங்குவதற்குள் மோட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது கற்பனைக் கவலை அல்ல.

அந்தப் பிள்ளையிடம் குறையில்லை. ‘நோ’ என்றால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம்தான் அவளைத் தவறான துளைக்கு அனுப்பியது. சுருக்கத்தை விரித்துச் சொன்ன பிறகும் சிக்கல் தீரவில்லை. ‘ஓப்பன்’ என்றால் திறந்திருப்பது. எங்கள் வீடுகளில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். மின்சுற்றிலோ திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, மூடினால்தான் ஓடும். திறந்த சுற்று, மூடிய சுற்று என்று எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தவர்கள்தான் நாங்கள். ஆனால் பரீட்சைக்குப் படித்தது கையில் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை. ‘நோர்மலி’ என்ற சொல்லும் அப்படித்தான். அது ‘வழக்கமாக’ அல்ல. ‘சுருளுக்குக் கரண்ட் போகாத நிலையில்’ என்பதுதான் அதன் பொருள். அகராதி இதைச் சொல்லாது.

அடுத்த கிழமை இன்னொன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரிலே பலகைகளில் பல, நிரலில் ‘லோ’ என்று எழுதினால் இயங்கும். ‘ஹை’ என்று எழுதினால் நிற்கும். நூலில் படித்த எல்.ஈ.டி. பாடத்தில் ‘ஹை’ என்றால் எரியும். இங்கே தலைகீழ். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் இது முதலில் குழப்பம்தான். ஆனால் அவர் ‘இந்தப் பலகை தலைகீழானது’ என்று எழுதியிருக்கும் ஒரு வரியைத் தேடி வாசித்துவிடுவார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் ஆங்கிலம்தான் பிழை என்று முடிவு செய்தார்கள். அந்நிய மொழியினூடாகப் படிப்பதன் உண்மையான செலவு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள் விளங்காதபோது, பிழை பொருளில் இருக்கிறதா மொழியில் இருக்கிறதா என்று மாணவருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் தன்னில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்.

‘நோ’ மீண்டும் வந்தது, இம்முறை மென்பொருளில். ஹோம் அசிஸ்டன்ட் என்பது வீட்டுத் தன்னியக்கத்துக்கு உலகம் முழுவதும் பயன்படும் இலவச, திறந்த மூல மென்பொருள். நெதர்லாந்தைச் சேர்ந்த பௌலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கியது. வீட்டிலேயே ஒரு சிறிய கணினியில் ஓடும். அதில் விதிகளை எழுதும் வடிவத்துக்கு யாமல் என்று பெயர். யாமலின் பழைய 1.1 பதிப்பில் ‘எஸ்’, ‘நோ’, ‘ஒன்’, ‘ஓஃப்’ ஆகிய ஆங்கிலச் சொற்களை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், அது அவற்றைச் சொல்லாக எடுக்காது; உண்மை அல்லது பொய் என்ற தர்க்கப் பெறுமானமாக மாற்றிவிடும். நோர்வேயின் நாட்டுக் குறியீடு என்.ஓ. என்பதால் நாடுகளின் பட்டியலில் நோர்வே ‘பொய்’ ஆகிவிடும். நிரலாளர்கள் இதை நோர்வேப் பிரச்சினை என்றே அழைக்கிறார்கள். 2009இல் வந்த 1.2 பதிப்பு இதைத் திருத்தியது. ஆனால் ஹோம் அசிஸ்டன்ட் இன்னும் பழைய வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே உணரி ‘ஒன்’ ஆனதும் என்று எழுதும்போது அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் விதி வேலை செய்யாது. இதே இடத்தில் ‘ஆம்’ என்று தமிழில் எழுதினால் யாமல் அதை அப்படியே ஒரு சொல்லாக விட்டுவிடும்.

சொற்கள் மாறுவதும் உண்டு. ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒரு கருவியை இயக்கும் கட்டளைக்கு நெடுங்காலம் ‘சேர்விஸ்’ என்று பெயர். 2024 ஓகஸ்ட் பதிப்பில் அது ‘அக்ஷன்’ ஆனது. அதே ஆண்டு ஒக்டோபரில் ‘ட்ரிகர்’ என்பது பன்மையாகி ‘ட்ரிகர்ஸ்’ ஆனது. அதற்குள் இருந்த ‘பிளாட்ஃபோர்ம்’ என்ற சொல்லின் இடத்தில் ‘ட்ரிகர்’ வந்தது. பழைய எழுத்துமுறையும் தொடர்ந்து வேலை செய்கிறது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இது நல்ல மாற்றம்தான், சொற்கள் இயல்பாகின. ஆனால் பிள்ளைகள் பார்க்கும் யூரியூப் வீடியோக்கள் பழையவை, ஆவணங்கள் புதியவை. சொல்லின் பொருளை அறியாமல் அதன் உருவத்தை மட்டும் மனனம் செய்தவருக்கு, உருவம் மாறியதும் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதையெல்லாம் உருவாக்கியவர்கள் எல்லாரும் ஆங்கிலேயர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்தில் படிக்கும் பாஸ்கலைச் செய்தவர் சுவிற்சர்லாந்துக்காரர் நிக்கிளாஸ் விர்த். உயர்தரத்துப் பைதனைத் தொடங்கியவர் நெதர்லாந்தின் குய்டோ வான் ரோசும். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்தது. பெயர்கூட அங்கிருந்த ஒரு மதுச்சாலையிலிருந்து வந்தது. அதற்கு அடித்தளமான வயரிங்கை உருவாக்கியவர் கொலம்பியாவின் ஹெர்னாண்டோ பராகான். இத்தனை பேரும் தங்கள் மொழியை விட்டு ஆங்கிலச் சொற்களையே கட்டளைகளாக வைத்தார்கள். உலகம் முழுவதும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து ஓட்ட முடிவது அதனால்தான். அந்த வசதியை இழக்கச் சொல்லி நான் வாதாடவில்லை.

இந்தத் துறையில் ஒருமுறை கதை தலைகீழாகவும் நடந்தது. 2014இல் ஷங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு மேற்கு நாட்டு ஆர்வலர்களின் கையில் கிடைத்தது. நம்ப முடியாத மலிவு. ஆனால் ஆவணங்கள் ஏறத்தாழ எல்லாமே சீன மொழியில் இருந்தன. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளையாகப் பரீட்சித்துப் பார்த்தார்கள், கண்டறிந்ததை ஒருவருக்கொருவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். இன்று வீட்டுத் தன்னியக்கத்தில் அந்தச் சில்லும் அதன் வாரிசுகளும் இல்லாத இடமில்லை. அவர்களை யாரும் மொழி தெரியாதவர்கள் என்று சொல்லவில்லை; முன்னோடிகள் என்றார்கள்.

இது பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. ஃபிலிப் குவோ 2018இல் வெளியிட்ட ஆய்வுக்கு 86 நாடுகளில் 74 தாய்மொழிகளைச் சேர்ந்த 840 பேர் பதிலளித்தார்கள். பாடங்களை வாசிப்பது, தொழினுட்பம் பற்றி மற்றவர்களோடு உரையாடுவது, நிரலை வாசித்து எழுதுவது, ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருப்பது என்று அவர்களின் தடைகள் நீண்டன. அவர்கள் கேட்டவை எளிய ஆங்கிலம், பண்பாட்டுக் கொச்சைகள் இல்லாத உதாரணங்கள், படங்கள், உள்ளேயே ஓர் அகராதி. இதற்கு ஓர் ஆண்டு முன்னர் சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் ஸ்கிராட்ச் பயன்படுத்தும் தொடக்கநிலையாளர்களை ஒப்பிட்டார்கள். கட்டளைச் சொற்கள் தம் மொழியில் உள்ளவர்கள், அதே நாட்டில் ஆங்கிலக் கட்டளைகளோடு பழகுபவர்களைவிட வேகமாகப் புதிய கருத்துகளை எடுத்தாண்டார்கள் என்பது அவர்களின் முடிவு.

அப்படியானால் கட்டளைகளையே தமிழாக்கிவிடலாமா? முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் அதைச் செய்த நிரல்மொழி. திரையில் அச்சிட ‘பதிப்பி’. நிபந்தனைக்கு ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’. ஆங்கிலத்தில் ‘இஃப்’ முன்னால் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி அதன் பின்னால் ‘ஆனால்’ போட வேண்டும். தமிழ் அப்படித்தானே பேசுகிறது. தர்க்கத்தைப் படிப்பிக்க இது அருமையான கருவி. ஆனால் எங்கள் ரிலேக்கும் தாங்கியின் உணரிக்கும் அதில் வழியில்லை. இன்னொன்றும் உண்டு. வகுப்பில் நாங்கள் எழுதிய ஆர்டுயினோ நிரல்களில் திரும்பத் திரும்ப வந்த ஆங்கிலக் கட்டளைகளை எண்ணிப் பார்த்தேன். இருபதைத் தாண்டவில்லை. இருபது சொற்களை யாரும் படித்துவிடலாம். பிள்ளைகள் தடுக்கி விழுந்தது அவற்றில் அல்ல. அவற்றைச் சுற்றியிருந்த விளக்கங்களிலும் எச்சரிக்கைகளிலும் பிழைச் செய்திகளிலும்.

எங்களுக்கு வகுப்பெடுத்தவர் மின்னிணைப்பு வேலை பார்ப்பவர், நிரலாக்கத்தைத் தானாகவே கற்றவர். ஐந்தாவது கிழமை அவர் கணினிகளை மூடச் சொன்னார். ஆளுக்கொரு தாள். “உங்கட வீட்டில என்ன நடக்க வேணுமெண்டு, வீட்டில கதைக்கிற மாதிரி எழுதுங்கோ.” நான் ‘தாங்கி நிறைந்தால் மோட்டரை நிறுத்து’ என்று எழுதினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நிறையேக்கையோ, நிறைஞ்சிருக்கேக்கையோ?”

அந்தக் கேள்வியில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒரு விதிக்கு மூன்று பகுதிகள்: ட்ரிகர், கண்டிஷன், அக்ஷன். ட்ரிகர் என்பது ஒன்று நடக்கும் கணம். கண்டிஷன் என்பது அந்தக் கணத்தில் நிலைமை எப்படி இருக்கிறது என்ற சோதனை. இந்த வேறுபாடுதான் தொடக்கநிலையாளர்களை அதிகம் குழப்புவது. ஆங்கிலத்தில் ‘தாங்கி நிறைந்திருந்தால்’ என்பதையும் ‘நிறைந்தால்’ என்பதையும் ஒரே ‘இஃப்’ சுமக்கும். தமிழிலும் வெறும் ‘நிறைந்தால்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் கேட்டுப் பிரித்தால் தமிழில் இரண்டுக்கும் தனித்தனி உருவம் உண்டு. ‘நிறைந்ததும்’ என்பது கணம். ‘நிறைந்திருந்தால்’ என்பது நிலை. வினைக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. கடைசியில் ஏவல்வினை வந்து கட்டளையாகிறது.

‘காலை ஐந்தரை ஆனதும், தாங்கி குறைந்திருந்தால், மோட்டரைப் போடு.’ இதை எழுதிவிட்டுத் திரையில் இருக்கும் மூன்று பெட்டிகளைப் பாருங்கள். ட்ரிகர், கண்டிஷன், அக்ஷன். தமிழ் வசனத்தின் ஒழுங்கும் மென்பொருளின் ஒழுங்கும் ஒன்று. ‘-ததும்’ வந்த துண்டு முதற் பெட்டிக்குள், ‘-இருந்தால்’ வந்த துண்டு இரண்டாம் பெட்டிக்குள், ஏவல் மூன்றாவதற்குள். வகுப்பில் அதற்குப் பிறகு அந்த மூன்று ஆங்கிலச் சொற்களை யாரும் மாற்றிப் போட்டதை நான் காணவில்லை.

இது இலக்கண விளையாட்டு அல்ல. கரண்ட் போய்த் திரும்பும்போது தாங்கி ஏற்கெனவே நிறைந்திருந்தால் ‘நிறைந்ததும்’ என்ற கணம் மீண்டும் வராது. அந்த விதி தூங்கிக்கொண்டிருக்கும். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தால் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் ‘மென்பொருள் தொடங்கியதும், தாங்கி நிறைந்திருந்தால், மோட்டரை நிறுத்து’ என்று இன்னொரு விதி வேண்டும். முன்பு ‘நோ’ என்று துளையை மாற்றிப் பூட்டிய அதே பிள்ளைதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். தமிழில் சொன்னாள்.

இப்படிப் படிப்பிக்க நினைப்பவர்களுக்கு, நான் பார்த்ததில் பயன்பட்ட சில விடயங்கள். ஆர்டுயினோவில் கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் வரிக்கு வரி குறிப்புரையைத் தமிழில் எழுதலாம், இயந்திரம் அதைத் தொடாது. பைதன் 3இல் மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம். ஹோம் அசிஸ்டன்ட்டில் விதியின் தலைப்பைத் தமிழில் முழு வசனமாக எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்தும் விளங்கும். ஆனால் கருவிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால், உள் அடையாளத்துக்காக அது வாசிக்கச் சிரமமான ரோமன் எழுத்துக் கோவை ஒன்றை ஆக்கிக்கொள்ளும். அடையாளத்தை மட்டும் நீங்களே ரோமன் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

பிழைச் செய்திகளுக்கு ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆர்டுயினோ ஊனோவில் ‘ஸ்ட்ரே’ என்ற சொல்லோடு 342 என்ற இலக்கம் வந்தால், பெரும்பாலும் எங்கிருந்தோ பிரதிசெய்த நிரலில் வளைந்த மேற்கோள் குறி புகுந்திருக்கிறது. 340 என்று வந்தால், விசைப்பலகையை மாற்ற மறந்து ஒரு தமிழ் எழுத்தையோ சிங்கள எழுத்தையோ நிரலுக்குள் விழுத்தியிருக்கிறீர்கள். இரண்டு எழுத்துத் தொகுதிகளும் யுனிகோட் குறியாக்கத்தில் அதே முதல் பைட்டோடு தொடங்குகின்றன. பைட் கணக்கு தெரியாமலே எங்கள் வகுப்பில் ‘340 வந்திட்டுது’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பாதுகாப்பு விடயங்களை மட்டும் எந்த மொழிக் குழப்பத்துக்கும் விட்டுவிடக் கூடாது. வகுப்பில் எல்லாம் 5 வோல்ட்டில்தான் நடந்தது. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். நீல ரிலேயின் மேல் 10 அம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, மோட்டரை நேரே பூட்டலாம் என்று நினைப்பவர்கள் பலர். மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில் அதன் சாதாரண அளவைப்போலப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும்; ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் நிரல் என்ன சொன்னாலும் மோட்டர் நிற்காது. ரிலே ஒரு கொன்டாக்டரை இயக்க, கொன்டாக்டர் மோட்டரை இயக்க வேண்டும். அந்த வேலையை மின்னிணைப்பாளர் செய்ய வேண்டும். இதை எங்கள் ஆசிரியர் மூன்று வாரம் தொடர்ந்து சொன்னார். பெட்டிக்குள் வந்த ஆங்கிலத் துண்டுத்தாளில் இது ஒரு வரியாகக்கூட இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாம் பூட்டியாகிவிட்டது. மோட்டர் என்.ஓ. வழியாக, நடுவில் கொன்டாக்டர். தாங்கியில் மின்னணு உணரிக்குத் துணையாக ஒரு சாதாரண மிதவைச் சுவிட்சும் இருக்கிறது. ரிலேயின் துளைகளுக்கு மேல் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லியிருந்தார் ஆசிரியர். என்.ஓ.க்கு மேல் ‘கரண்ட் இல்லாதபோது ஓடாது’ என்றும், என்.சி.க்கு மேல் ‘கரண்ட் இல்லாதபோது ஓடும்’ என்றும் எழுதி ஒட்டினேன். அம்மா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“கரண்ட் இல்லாட்டி மோட்டர் எப்பிடியடா ஓடும்?”

கழற்றிவிட்டு, ‘இந்தப் பலகைக்குக் கரண்ட் இல்லாதபோது’ என்று மாற்றி எழுதி ஒட்டியிருக்கிறேன்.